திராட்சைப் படம் போட்ட மேஜை விரிப்பு

மாமா,

போன சனிக்கிழமை மத்தியானம் மித்ரா சாப்பிட்டு முடித்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தட்டு காய்ந்துவிட்டது. விரல் நகத்தால் மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். எதிரே உங்கள் மகன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ ஆபீஸ் வேலையில் இருந்தார். ஜன்னல் வெயில் நேராக மேஜைமேல் விழுகிற நேரம். வெயில் பட்டால் அந்த ரெக்ஸின் விரிப்பிலிருந்து ஒரு வாசனை வரும், புதுக் குடையை விரித்த மாதிரி. தட்டை எடுக்கக் குனிந்த நான் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன்.

அவள் உட்கார்ந்திருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் எப்போது எழுந்து போவார் என்று காத்திருக்கிற விதம். இவள் பிறப்பதற்கு முன்னால், இதே மேஜையில், உங்களுக்கு எதிரே நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் இருந்தவரை அந்த நாளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது எழுதுகிறேன். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியம்தான். அந்தத் தைரியத்தை நினைத்தால் அதுவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து செகந்திராபாத் மெட்டுகுடா வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது அத்தை மாலை போட்ட படத்தில்தான் இருந்தார். உங்கள் மகன் காலையில் கொண்டாப்பூர் ஆபீஸுக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவார். பகல் முழுவதும் வீட்டில் நீங்களும் நானும். பாதுகாப்புத் துறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், ஆலையில் சத்தம் போட்டு வேலை வாங்கியவர் என்று சொல்வார்கள். என்னிடமோ ஒரு காபி கேட்க உங்களுக்கு வாய் வராது. கடிகாரத்தைப் பார்த்து, "காபி நேரம் ஆயிடுச்சோ?" என்பீர்கள். சமையலறைக்குள் வருவதற்கு முன்னால் ஒரு இருமல். என் துணிகள் மாடிக்கொடியில் காய்ந்தால், அவை காய்ந்து முடியும்வரை உங்கள் வேட்டி நனைந்தபடியே வாளியில் கிடக்கும். நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை. நீங்கள் ஹாலில் இருந்தால் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வேன். இந்த விளையாட்டில் இருவருமே கெட்டிக்காரர்கள்.

நான் உண்டானது தெரிந்த பிறகும் நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போகிற பை மட்டும் பெரிதானது. மாதுளை, பீட்ரூட், கட்டுக்கட்டாகக் கீரை எல்லாம் வந்தன. மேஜைமேல் வைத்துவிட்டு, "இதெல்லாம் நல்லதாம்" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள். நான் ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டால் அடுத்த வாரம் அதே பழம் இரண்டு மடங்கு வரும். நாம் நலம் விசாரித்துக்கொண்டது அப்படித்தான்.

ஏழாம் மாதத்தில் வயிறு இறுக ஆரம்பித்தது. திடீரென்று கல்லாகிவிடும், கொஞ்ச நேரத்தில் தளரும். எனக்கு என்ன தெரியும்? வளைகாப்பு முடிந்து எங்கம்மா வந்து என்னை ஊருக்கு அழைத்துப் போவதாகத்தான் ஏற்பாடு. அதற்கு இன்னும் நாள் இருந்தது. பயந்து போய் உங்கள் மகனுக்கு போன் போட்டேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் அழுதேன். உங்கள் மகன் ஓடி வந்து காரை எடுக்க, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் கட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, இந்த மாதத்தில் இப்படித்தான் இறுகிப் பழகும், தண்ணீர் குடித்து இடது பக்கமாகப் படுத்தால் அடங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தால் தெரு இன்னும் கலையவில்லை. "ஏமன்னாரு, ஏமன்னாரு?" என்று ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று கேட்க, ஒவ்வொருவரிடமும் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே படியேறினேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே இறுக்கம், அதே ஓட்டம். இந்த முறை இருந்த சின்ன டாக்டர் என் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆயா தெலுங்கில், தலைப்பிரசவம் அல்லவா, கொசு கடித்தாலும் வலிதான் என்றாள். பாதி மீட்டிங்கில் எழுந்து வந்த உங்கள் மகன்தான் காரை ஓட்டி வந்தார். சிக்னலில் நின்றபோது, "இனிமே கன்ஃபார்மா இருந்தா மட்டும் கூப்பிடும்மா, ப்ளீஸ்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கெஞ்சினார். அந்த ப்ளீஸ் என் வாயைத் தைத்துவிட்டது. கன்ஃபார்மாக இருப்பது எப்படி என்று யாரிடம் கேட்பது?

அதன் பிறகுதான் அந்தப் பட்டாணி நாள். குளிர்காலம். மார்க்கெட்டில் பட்டாணி மலிந்திருக்கிறது என்று ஒரு பை நிறைய வாங்கி வந்து மேஜையில் கொட்டியிருந்தீர்கள். திராட்சைப் படம் போட்ட ரெக்ஸின் விரிப்பு அப்போதுதான் புதுசு. நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், உரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பட்டாணி உருண்டு ஓடினாலும் விடமாட்டீர்கள், எழுந்து போய் எடுத்து வருவீர்கள்.

காலையிலிருந்தே இறுக்கம் வந்து வந்து போனது. தண்ணீர் குடித்தேன், இடது பக்கம் படுத்தேன், அடங்கவில்லை. இடுப்புக்குப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு முன்னால் வந்தது, ஒன்று போனதும் ஒன்று. வந்தபோதெல்லாம் பட்டாணித் தோலை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சை மெல்ல விட்டேன். இதுவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறையும் அந்தப் படியேறி அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியாது. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்த இடம் வெதுவெதுப்பாக நனைந்தது.

அதற்கு மேல் நடந்ததை வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நைட்டி நனைந்திருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுந்து உள்ளே போனதும் ஓடிவிடலாம் என்று காத்திருந்தேன். நீங்களோ எழுந்திருக்கவே இல்லை. இருந்த பட்டாணியெல்லாம் உரித்தாயிற்று. பிறகு உரித்ததில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தீர்கள். அதுவும் முடிந்து, தோல்களைக் கிளறி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேடினீர்கள். இந்த மனிதர் ஏன் இன்று இப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று மனசுக்குள் உங்களைத் திட்டினேன் மாமா. வயிற்றில் இருந்த பிள்ளையைவிட என் நைட்டிதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

அப்புறம் நீங்கள் பேசினீர்கள். பட்டாணியைப் பார்த்தபடி, மெதுவாக, தெலுங்கில்.

"நொப்புலு வஸ்துன்னாயா?"

வலி வருகிறதா என்று கேட்டீர்கள். தமிழில் அந்தக் கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டிருக்கவே முடியாது. நானும் பதில் சொல்லியிருக்கமாட்டேன். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. எனக்குத் தெரிந்தது காய்கறிக்காரரிடமும் ஆஸ்பத்திரியிலும் பழகிய கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் மாமனாரும் இல்லை, மருமகளும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒருவர் யாரோ ஒரு பெண்ணிடம் கேட்ட மாதிரி இருந்தது.

"அவுனு" என்றேன். ஆமாம். பிறகு, "நீள்ளு கூடா." தண்ணீரும்தான்.

"லேவகண்டி" என்றீர்கள். எழுந்திருக்காதீர்கள் என்று மரியாதையாக. தமிழில் எப்போதும் 'வாம்மா, போம்மா' என்றவர், தெலுங்கில் என்னை 'நீங்கள்' ஆக்கிவிட்டீர்கள்.

அடுத்த நொடி மேஜை விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து ஒரே இழுப்பு. பட்டாணி ஹால் முழுக்கச் சிதறி ஓடியது. ஒரு பட்டாணியை விடாத மனிதர் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. விரிப்பை என் பக்கம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டீர்கள். நான் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பட்டாணிமேல் கால் வைத்துச் சறுக்கிவிடக் கூடாதென்று சுவரைப் பிடித்தபடி நடந்து போய் வேறு துணி மாற்றிக்கொண்டேன். நான் கதவைத் திறக்கும்போது நீங்கள் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது, எப்போது எடுத்தீர்களோ.

கீழே நின்ற ஆட்டோவின் சீட்டில் அதே விரிப்பை விரித்தீர்கள். டிரைவர் வயசான பாய். "கைக்கு சாச்சா?" என்று கேட்டார். எதற்காம் இது? நீங்கள் இந்தியில், மார்க்கெட் பை ஈரமாக இருக்கிறது, சீட் நனைந்துவிடும் என்றீர்கள். வாழ்க்கையில் நீங்கள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அந்த நேரத்தில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்தேன். அவர் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், "நக்கோ சாச்சா, நக்கோ" என்று வேண்டாமென மறுத்து, விரிப்பைத் தானே எடுத்து மடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டார். என் வீட்டுப் பெண் மாதிரி, நனைந்தால் நனையட்டும் என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்கள் முன்னால் டிரைவரோடு ஒண்டிக்கொண்டு, மடித்த விரிப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்தீர்கள்.

பாதி வழியில் எனக்குத் தாங்கவில்லை. வலியைச் சொல்லவில்லை, மற்றதை.

"மாமா, இதுவும் பொய்யா இருந்தா?"

திரும்பிப் பார்க்காமலேயே சொன்னீர்கள், இந்த முறை தமிழில். "பொய்யா இருந்தா வீட்டுக்கு வந்து பட்டாணி பொறுக்கலாம். அவ்வளவுதானம்மா."

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை எனக்குள் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? ஆஸ்பத்திரி வாசலில், லிஃப்டில், அந்த ஆயா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியபோது. பட்டாணி பொறுக்கலாம், பட்டாணி பொறுக்கலாம் என்று ஒவ்வொரு இறுக்கத்துக்கும் சொல்லி மூச்சு விட்டேன். பெரிய டாக்டரம்மா வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. உடனே ஊசி, டிரிப்ஸ் என்று எல்லாரும் ஓடினார்கள். பிரசவத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒன்று, பிள்ளையின் நுரையீரலுக்கு ஒன்று என்று பின்னால்தான் புரிந்தது.

"எப்போதிருந்து தண்ணீர் போகிறது?" என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார்.

"இப்பதான்" என்றேன். அந்த நிலையிலும் வாயில் அதுதான் வந்தது.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் கேட்டது. இல்லை டாக்டர், அரை மணிக்கு மேல் இருக்கும், தரையில் சொட்டியதைப் பார்த்தேன் என்றீர்கள்.

எனக்கு உலகமே நின்றுவிட்டது. தெரிந்துதான் உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். நீங்கள் எழுந்தால் நான் தனியாக ஓடி வழுக்கி விழுந்துவிடுவேன் என்ற பயமா, எப்படிக் கேட்பது என்று தெரியாத தவிப்பா? நான் நீங்கள் போகக் காத்திருந்தேன், நீங்கள் நான் சொல்லக் காத்திருந்தீர்கள். நடுவில் பட்டாணி.

டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு போய் உங்களைப் பிடித்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தீர்களா, வயசுக்கு ஏற்ற புத்தி வேண்டாமா என்று எல்லார் எதிரிலும். திரையின் இடைவெளியில் நீங்கள் தெரிந்தீர்கள். கையில் மடித்த விரிப்போடு தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தீர்கள்.

"அவங்க மேல தப்பில்ல! நாந்தான் சொல்லல, எனக்கு வெக்கமா இருந்துச்சு!" என்று படுத்தபடியே கத்தினேன். தமிழில் கத்தினேன். அந்த அறையில் அது ஒருவருக்கும் புரியவில்லை, உங்களைத் தவிர. வலியில் கத்துகிறேன் என்று நினைத்து நர்ஸ் வந்து என் தோளைத் தடவினாள்.

"சரிம்மா. நீ படு" என்றீர்கள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

பிறகு டாக்டரம்மா என்னிடம் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கோபம் தணிந்திருந்தது. பத்து முறை வா, பத்து முறையும் திருப்பி அனுப்புகிறோம், அனுப்புவது எங்கள் வேலை, வருவது உன் வேலை என்றார். இறுக்கம் அடங்காமல் ஒழுங்காக வந்தால் வா, இடுப்பு பிடித்தால் வா, ஒரு சொட்டு நனைந்தாலும் வா, சந்தேகமாக இருந்தாலும் வா என்றார். இதை யாராவது முதல் தடவையே சொல்லியிருந்தால் என்று நினைத்து அப்போதுதான் அழுதேன்.

மித்ரா சில நாட்கள் தாக்குப்பிடித்து, அவசரப்பட்டுத்தான் பிறந்தாள். ஒரு கை அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்திருந்த நாட்களில் நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் மகன் வந்ததும் எழுந்து நடந்துவிடுவீர்கள். நாங்கள் வீட்டுக்கு வந்த அன்று ஹாலில் ஒரு பட்டாணி இல்லை. விரிப்பு கழுவித் துடைத்து மேஜைமேல் இருந்தது. ஃபிரிட்ஜுக்கு அடியிலும் சோபாவுக்கு அடியிலும் போனவை மட்டும் மாதக்கணக்காகக் காய்ந்து காய்ந்து வெளியே வந்தன. நான் ஒன்றைப் பார்த்தால் காலால் தள்ளிவிடுவேன். நீங்கள் பார்த்தால் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளமாட்டோம்.

கடைசி வருடம் உங்களுக்குச் சிறுநீருக்குக் குழாய் போட்டுப் பை மாட்டியிருந்தார்கள். அது நிறைந்தாலும் கசிந்தாலும் உங்கள் மகன் வரும்வரை நீங்கள் யாரையும் கூப்பிடவில்லை. கொண்டாப்பூரிலிருந்து அவர் வருவதற்குள் பாதி ராத்திரி ஆகிவிடும். ஒருநாள் சாயங்காலம் கதவுக்கு வெளியே நின்று, மனசுக்குள் ஒத்திகை பார்த்து, தெலுங்கில் கேட்டேன். "மாமா, நீள்ளா?" தண்ணீரா, நனைந்துவிட்டதா என்று.

தமிழில் பதில் வந்தது. "வேண்டாம்மா. அவன் வரட்டும்."

நான் சரி என்று வந்துவிட்டேன். அதுதான் என்னை அரிக்கிறது. அன்றைக்கு நீங்கள் என் மௌனத்தைச் சரி என்று எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டீர்கள், விரிப்பை இழுத்தீர்கள், பட்டாணியைச் சிதறவிட்டீர்கள். நான் உங்கள் 'வேண்டாம்மா'வை உடனே ஒப்புக்கொண்டேன். மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது மாமா. நீங்கள் ஈரத்தில் படுத்திருந்தீர்கள், நான் சமையலறையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மித்ராவிடம் வருகிறேன். வீட்டில் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் சொல்கிற உங்கள் பேத்தி, நான் தட்டை எடுக்கக் குனிந்தபோது காதருகே சொன்னாள். "அம்மா, அப்பானி வெள்ளமனு." அப்பாவைப் போகச் சொல்.

எனக்குப் புரிந்துவிட்டது. பால் வாங்கி வாருங்கள் என்று அவரைக் கடைக்கு அனுப்ப வாய் திறந்தேன். பால் இருந்தது. ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் இருந்தது. அந்த ரெக்ஸின் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

குனிந்து அவளிடமே கேட்டேன். "அப்பாகிட்ட சொல்லலாமா? நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நகத்தால் ஒரு திராட்சையைச் சுரண்டினாள். பிறகு, "நுவ்வே செப்பு" என்றாள். நீயே சொல்.

தமிழில்தான் சொன்னேன் மாமா. "ஏங்க, மித்ராவுக்கு பீரியட்ஸ் வந்திருக்கு. அவ எந்திரிக்கணும்." இவ்வளவு வயசாகியும், பெற்ற மகளைப் பற்றிக் கட்டிய கணவரிடம் சொல்லும்போது, அந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. முகம் சுட்டது.

உங்கள் மகன் லேப்டாப்பை மூடிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நிமிடம் தடுமாறிவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் கைகட்டி, தலை லேசாகக் குனிந்து, அச்சு அசல் நீங்கள்.

"நாற்காலி பாழாயிடுச்சும்மா" என்றாள் மித்ரா. அழுகை வருகிற குரல். அபூர்வமாக அவள் தமிழில் பேசினாள்.

"பாழானா துடைச்சுக்கலாம். அவ்வளவுதானே?" என்றேன். யார் குரல் அது என்று எனக்குத் தெரிந்தது. விரிப்பை இழுத்து அவள் இடுப்பில் சுற்றினேன். தண்ணீர் டம்ளர் ஒன்று கவிழ்ந்து உருண்டது, கிடக்கட்டும் என்று விட்டேன்.

அவர் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"சுவத்தப் பாத்தது போதுங்க" என்றேன். "திரும்புங்க. போய்ப் பிள்ளைக்கு வெந்நி வைங்க."

திரும்பினார். மகளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனார், வாசலில் ஒரு முறை இருமிவிட்டு.